கதை கொடுத்ததுக்கு ஒரு பிராது

என் மேல போலீஸ் ஸ்டேஷன்ல யாரும் புகார் கொடுத்ததில்ல. கோர்ட்டுப் படியை நான் மிதிச்சதில்ல. ஆனா கொளஞ்சியப்பர் கோயில்ல என் மேல பிராது இருந்துது. விருத்தாசலத்துப் பக்கத்து ஆளுங்ககிட்ட இதைச் சொன்னா, “ஐயையோ, யாரு கட்டினாங்க?”ன்னு ஒரு அடி தள்ளி நின்னுதான் கேப்பாங்க. வெளியூர்க்காரங்களுக்குத்தான் விளக்கணும். மணவாளநல்லூர்ல இருக்கற முருகன் அவரு. ஆடு திருடு போனாலும், பங்காளி ஏமாத்தினாலும், புருஷன் வூடு தங்கலன்னாலும், ஒரு வெள்ளைத்தாள்ல இன்ன ஊரு, இன்ன ஆளு, இன்னார் மேல இந்தக் குறைன்னு மனு எழுதி, சாமி காலடியில வெச்சு எடுத்து, முனியப்பர் சன்னதியில இருக்கற வேல்ல நூல் சுத்திக் கட்டிட்டு வந்துடுவாங்க. அதுக்கப்புறம் அவரு பாத்துக்குவாரு. காரியம் முடிஞ்சதும் மறுபடி போயி, பிராதை எடுத்துக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வரணும்.

என் மேல சொன்ன குத்தம் என்னான்னா, ஒரு பொண்ணுக்குக் கதைப் புத்தகம் கொடுத்துக் கெடுத்துட்டேன்ங்கறது.

நான் தொழிற்பேட்டையில ஒரு சின்ன பீங்கான் கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். பில்லு போடுறது, லாரியில சரக்கு ஏத்தும்போது சரி பாக்கறது, “பாதி ஒடஞ்சு வந்துருக்குது”ன்னு போன் பண்ற கடைக்காரங்ககிட்டத் திட்டு வாங்கறது, இதான் என் வேலை. நாங்க பண்றது ஊறுகாய் ஜாடியும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும். நான் படிக்கறது மட்டும் வேற கிரகம். ஸ்கூல்ல படிக்கறப்பலேருந்தே எனக்கு அறிவியல் கதைன்னா பைத்தியம். நாளைக்கு இந்த உலகம் எப்படி நாசமாப் போகப் போவுதுன்னு எவனாவது எழுதியிருந்தா தேடிப் புடிச்சுப் படிச்சுடுவேன். மதியம் சாப்பிட உக்காந்தா கம்பெனிப் பொம்பளைங்க, “என்னாக்கா, இன்னிக்கு ஒலகம் அழிஞ்சுதா, இருக்குதா?”ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், எனக்கென்ன.

அந்தக் கிண்டல்ல முதல் ஆளு, பின்னால என் மேல பிராது கட்டினாளே, அவதான். அச்சுல மண்குழம்பு ஊத்தி, காஞ்சதும் எடுத்து ஓரம் சீவற வேலை அவளுக்கு. என்னைவிடச் சின்னவ. கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து பஸ்ஸுல வருவா. புருஷன் திருப்பூர்ல. வந்தா வந்தான், வராட்டி இல்ல. ஒரே பொண்ணு. என் டிபன் பாக்ஸ்ல என்னா இருக்குதுன்னு என்னைக் கேக்காமலே தொறந்து எடுத்துச் சாப்பிடற உரிமை அந்தக் கம்பெனியில அவ ஒருத்திக்குத்தான் உண்டு.

அப்படி எடுத்துத் தின்னுக்கிட்டே ஒரு நாள் கேட்டா. “அக்கா, எம் பொண்ணு போனைக் கீழ வெக்க மாட்டேங்குறா. நீங்க படிப்பீங்களே சயின்சு கதை, அதுல ரெண்டு குடுங்க. பொழுதும் போவும், சயின்சு மார்க்கும் ஏறும்.”

“அடியே, இதுல பூமி சுத்தறதே நின்னு போவும். இதைப் படிச்சுட்டு பரீட்சை எழுதினா முட்டைதான் வாங்குவா.”

“பரவால்லக்கா. எப்புடியும் சயின்சுதானே.”

நானும் சொல்லிப் பாத்தேன். இது கதை, பாடம் இல்லன்னு எத்தனையோ விதமாச் சொன்னேன். அவ காதுல ஏறல. அவளுக்கு சயின்சுன்னா டாக்டர் படிப்பு, டாக்டர் படிப்புன்னா தன் பொண்ணு. நடுவுல நான் கொடுக்கற புத்தகம் ஏணிப்படின்னு நெனச்சுக்கிட்டா.

பதினாலு வயசுக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கறது இருக்கே, அது லேசுப்பட்ட காரியம் இல்ல. சின்னப் பசங்களுக்கு எழுதறேன்னு கெளம்பறவங்க பாதிப் பேரு, ஒரு ரோபோவைக் கூட்டியாந்து மரம் நடுங்கன்னு புத்தி சொல்ல வெச்சுடறாங்க. அதை அந்த வயசுப் பொண்ணு கையில கொடுத்தா நம்ம மூஞ்சியிலேயே திருப்பி அடிக்கும். பெரியவங்களுக்கு எழுதினதைக் கொடுத்தா, விண்கலத்து எஞ்சினை வெளக்கவே பாதி புத்தகம் போயிடும். மொழிபெயர்ப்பு வாங்கலாம்னா, அதுல பத்து வயசுப் பையன்கூட தாசில்தார் ஆபீஸ் அறிவிப்பு மாதிரி பேசறான். நடுவுல நிக்கற புள்ளைங்களுக்குத் தமிழ்ல தேடினா செருப்புதான் தேயும்.

அதனால எனக்குன்னு ஒரு வழி வெச்சிருந்தேன். முதல்ல குண்டுப் புத்தகம் கொடுக்கக் கூடாது. கதையில வர்ற ஆளுக்கு அந்தப் புள்ள வயசே இருக்கணும், ரெண்டாவது பக்கத்துக்குள்ள அந்த ஆளுக்கு யார் மேலயாவது கோவம் வரணும். முக்கியமா, கொடுக்கும்போது “நல்ல கருத்து இருக்குது”ன்னு வாயைத் தொறக்கக் கூடாது. சொன்னோம், செத்தோம்.

முதல்ல கொடுத்தது, விண்கலத்துலேயே பொறந்து வளந்த பசங்க கதை. அதுல ஒருத்தி மழைங்கறதே பெரியவங்க கட்டிவிட்ட பொய்னு சாதிப்பா. ஒரு சனிக்கிழமை அம்மாகூட கம்பெனிக்கு வந்த பொண்ணு, நேரா என் மேஜைக்கு வந்து, வணக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, “அவ சொல்றது கரெக்டுதானே பெரிம்மா? கண்ணால பாக்காததை எதுக்கு நம்பணும்?”ன்னுச்சு. ஒல்லியா, ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, மூக்கு நுனியில கோவத்தோட. எனக்கு அப்படியே ஜிலீர்னுச்சு. அதுக்கு முன்னாடி என்கிட்ட யாரும் ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போட்டதில்ல. பில்லுக்காகத்தான் போட்டுருக்காங்க.

ரெண்டாவது புத்தகத்தை “இது சுத்த போரு பெரிம்மா, கடைசியில எல்லாரும் திருந்திடறாங்க”ன்னு திருப்பிக் கொடுத்துது. நான் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசும். ஆமான்னு சொன்னா இல்லங்கும், இல்லன்னா ஏன்ங்கும். சனிக்கிழமை வந்தாலே நான் பில்லைச் சீக்கிரம் முடிச்சு வெச்சுடுவேன்.

மூணாவதா கொடுத்ததுதான் வினை. அது ஒரு கட்டடத்தைப் பத்தின கதை. புள்ளைங்க எல்லாம் மார்க்குப்படி மாடி மாடியாக் குடியிருக்கும். மார்க்கு கொறஞ்சா மறுநாளே கீழ் மாடி. எல்லார் பேரும் நம்பரும் சுவத்துல ஓடிக்கிட்டே இருக்கும். வெளிக் கதவுக்குப் பூட்டே கெடையாது. ஆனா யாரும் வெளிய போக மாட்டாங்க. கடைசியில ரெண்டு பேரு மட்டும் தொறந்துக்கிட்டுப் போவாங்க, அதோட கதை முடியும். அந்தப் பொண்ணு அதை ஒரு தடவை படிச்சு முடிச்சுட்டு, திருப்பிக் கொடுக்காம மறுபடி படிச்சுது.

இதெல்லாம் நடந்து பத்தாவது ரிசல்ட்டும் வந்துது. நல்ல மார்க்கு. அவ அம்மா கம்பெனிக்கே முட்டாய் வாங்கியாந்தா. கூடவே மேற்கு ஜில்லாவுல இருக்கற ஒரு ஹாஸ்டல் ஸ்கூலு நோட்டீஸையும் கொண்டாந்தா. டாக்டர் படிப்புக்குன்னே தயார் பண்ற எடமாம். எழுத்துக் கூட்டி எங்களுக்குப் படிச்சுக் காட்டினா. மார்க்குப்படி தனித்தனி செக்‌ஷன். போனு கெடையாது. காலையில இருட்டோட எழுப்பிடுவாங்க. பெத்தவங்க மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பாக்கலாம். படிக்கப் படிக்க அவ மூஞ்சியில ஒரு வெளிச்சம். அவ வாசிச்சது அத்தனையும் நான் அந்தக் கதையில படிச்சது. கதை எழுதினவன் பயமுறுத்தறதுக்குச் சொன்னதை, இவங்க ஆளைச் சேக்கறதுக்குப் போட்டிருக்காங்க.

பொண்ணு போக மாட்டேன்னுடுச்சு. “இது அந்தக் கட்டடம்தாம்மா, எனக்குத் தெரியும்”னு அழுதுச்சாம். எந்தக் கட்டடம்னு இவ கேக்க, அது புத்தகத்தைக் கொண்டாந்து காட்ட, சோறு தண்ணி எறங்காம உக்காந்துக்க, மறுநாள் இவ மண்ணு கையோட என் ஆபீஸுக்குள்ள வந்தா. எப்பவும் வாங்க போங்கன்னு பேசறவ.

“என்னத்தக் குடுத்த நீ எம் பொண்ணுக்கு? மார்க்கு ஏறும்னுதானே கேட்டேன்? வூட்டைக் கெடுக்கறதுக்கா கேட்டேன்?”

“நான் போவாதன்னு சொல்லலடி. அது கதை...”

“புள்ள பெத்திருந்தா தெரியும் உனக்கு.”

எனக்குக் கோவம் வந்தா நாலு ஊருக்குக் கேக்கும். அன்னிக்கு வரல. அழுகைதான் வந்துது. அதையும் பில்லு புக்கைப் பொரட்டற மாதிரி குனிஞ்சு மறைச்சுக்கிட்டேன். அந்த வாரமே அவ கோயிலுக்குப் போயி என் பேரை எழுதிக் கட்டிட்டா. ஒளிவு மறைவு எல்லாம் இல்ல, வந்து எல்லார்கிட்டயும் சொன்னா. பிராதுன்னா அப்படித்தான், ஊருக்குத் தெரிஞ்சே கட்டறது.

அப்புறம் பாக்கணுமே கம்பெனியில கூத்தை. என் ஸ்கூட்டி பஞ்சர் ஆனா, “ஆரம்பிச்சுட்டாருடி கொளஞ்சியாரு”ங்கறாங்க. பல்லு வலின்னு கன்னத்தைப் புடிச்சா, “நோட்டீஸு வந்துடுச்சுக்கா”ங்கறாங்க. சூளைக்காரர் என்னைப் பாத்தா ஒதுங்கியே போவாரு, எங்க சரக்கு வெடிச்சுடுமோன்னு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். ஆனா பூமி சுத்தறது நின்னு போற கதையெல்லாம் அசராம படிக்கறவ, கோயில்ல கட்டின ஒரு தாளுக்கு பயந்தேன். எங்கிட்டச் சண்டை போட்டா நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். சாமிகிட்டச் சொன்னா என்னா பண்றது? கோயில் பக்கம் கடை வெச்சிருக்கற தெரிஞ்ச ஆளுகிட்ட, “இதுக்கு நாம பதில் மனு போட முடியுமா?”ன்னு வெக்கத்தை வுட்டுக் கேட்டேன். “அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்”னு சிரிச்சாரு. எனக்குச் சொல்றதுக்கு எவ்ளோ இருந்துது!

சாப்பாட்டு நேரத்துல அவ வேற மூலையில உக்காந்தா. என் டிபன் பாக்ஸைத் தொடல. அந்தப் பொண்ணும் சனிக்கிழமை வரல. ஸ்கூலு சேர்க்கை முடியற நேரம் நெருங்கிக்கிட்டே வந்துது. பொண்ணு எறங்கி வரல.

ஒரு நாள் அவளே வந்தா. என் மேஜை ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா. கையில மண்ணு காஞ்சு வெள்ளையா, வெரலெல்லாம் வெடிச்சுப் போயி. “அக்கா, கோவத்துல பேசிட்டேன். அவ நான் சொன்னா கேக்கல. நீங்க சொன்னா கேப்பா. போயி படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நான் இந்த மண்ணுலயே நின்னு நின்னு இடுப்பு போச்சு. அவளும் இங்க வந்து அச்சு ஊத்தணுமா? நீங்களே சொல்லுங்க.”

அவ கேட்டதுல ஒரு தப்பு இல்ல. அந்தப் பொண்ணு சொன்னதுலயும் ஒரு தப்பு இல்ல. வேணாம்னு நான் சொல்லலாம். அப்புறம்? அந்தக் கதையை எழுதின ஆளு ரெண்டு பேரைக் கதவைத் தொறந்து வெளிய அனுப்பிட்டு, முற்றும்னு போட்டுட்டுப் போயிட்டான். அவங்க மறுநாள் எங்க சாப்பிட்டாங்க, யாரு வூட்டுல படுத்தாங்க, என்னா வேலைக்குப் போனாங்கன்னு ஒரு வரி எழுதல. அது வரைக்கும் எனக்கு அது ஒரு குறையாவே தெரிஞ்சதில்ல. அன்னிக்கு அவன் கையில கெடச்சா கன்னத்துல ஒண்ணு வெச்சிருப்பேன்.

ஞாயித்துக்கெழமை அவங்க வூட்டுக்குப் போனேன். பொண்ணு வாசல்ல துவைக்கற கல்லு மேல உக்காந்திருந்துது. அவ அம்மா டீ போடறேன்னு வேணும்னே உள்ள போயிட்டா. பாத்திரச் சத்தம் கூட வராம காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறது தெரிஞ்சுது.

“அம்மா சொல்லித்தானே வந்தீங்க?”

“ஆமா.”

“சரி, நீங்க சொல்லுங்க பெரிம்மா. போவட்டா, வேணாமா? நீங்க என்னா சொன்னாலும் கேக்கறேன்.”

எதிர்த்துப் பேசற பொண்ணு, கேக்கறேன்னு சொல்லுது. அது என் மூஞ்சியையே பாத்துது. போன்னு சொன்னா அதுக்கு நான் துரோகம் பண்ணவ. போவாதன்னா அதோட அம்மாவுக்கு. அதுக்கும் மேல, எது சரின்னு நெஜமாவே எனக்குத் தெரியல.

“எனக்குத் தெரியலம்மா”ன்னேன்.

“அவ்ளோ புக்கு படிச்சிருக்கீங்க?”

“ஆமாம்மா. அதுல எதுலயும் இல்ல.”

கால் கட்டை வெரலால மண்ணைக் கீறிக்கிட்டிருந்துது. அப்புறம் எழுந்து உள்ள போயி, “ம்மா, எந்த ஊரு பஸ்ஸுல ஏறணும்?”னு கேட்டுது. டீயைக் குடிக்காமலே நான் கெளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். பெட்டி, பக்கெட்டு, படுக்கை. ஜன்னல் வழியா “போயிட்டு வரேன் பெரிம்மா”ன்னு கையாட்டுச்சு. கூடப் போய் வுட்டுட்டு வரப் போற அவ அம்மா, ஏறறதுக்கு முன்னாடி என் பக்கம் திரும்பி, “பிராது இப்ப எடுக்க மாட்டேங்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவ அங்க நெலைச்சு நிக்கட்டும், அப்புறம் எடுக்கறேன்”னா. நான் என்னா தப்பா நெனைக்கறது? சரின்னு தலையாட்டினேன். வுட்டுட்டு வந்த மறுநாள்லேருந்து என் டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டா.

ஞாயித்துக்கெழமைல ஹாஸ்டல்லேருந்து போன் வரும். மறுநாள் என்னா பேசினான்னு எனக்கு ஒப்பிப்பா. நான் அவங்க வூட்டுல இருந்தா என் கையில கொடுப்பா. முதல் தடவை கடகடன்னு பேசுச்சு, சாம்பார்ல புழு, மேல் பெட்டு பொண்ணு தூக்கத்துல ஃபார்முலா சொல்றா, அது இதுன்னு. அடுத்த தடவை கொஞ்சம். அதுக்கடுத்த தடவை, “சாப்புட்டியா?” “ம்.” “நல்லா இருக்கியா?” “ம். பின்னாடி லைன்ல நிக்கறாங்க பெரிம்மா, வெக்கட்டா?” அவ அம்மா அதைக் கேட்டு, “முன்னெல்லாம் வாயாடுவா, இப்ப அளவாப் பேசறா பாருங்க”ன்னு பூரிச்சுப் போனா. எனக்கு அந்த வாயாடிதான் வேணும். யாருகிட்டச் சொல்றது?

பொங்கலுக்கு வந்துது. வந்த மறுநாளே அவ அம்மா எனக்குப் போன் பண்ணினா. “பொண்ணு செட்டாயிட்டாக்கா. பிராதை எடுக்கப் போறேன். நீங்களும் கூட வந்து சாமி கும்புட்டுட்டுப் போயிடுங்க, ஒங்க மனசுலயும் ஒண்ணும் இருக்கக் கூடாது.” ஷேர் ஆட்டோவுல மூணு பேரும் போனோம்.

பொண்ணு கொஞ்சம் வெளுத்திருந்துது. முடியைக் கழுத்தோட வெட்டியிருந்தாங்க, காயவெக்க நேரம் ஆவுதாம். கோயில் கொழாய்க்குப் பக்கத்துல நின்னு, “தண்ணி குடிச்சுக்கட்டுமா?”ன்னு எங்க ரெண்டு பேரையும் பாத்துக் கேட்டுது. குடிக்கறதுக்கு என்னா பர்மிஷன்னு நான் சிரிச்சேன். அது சிரிக்கல, குடிக்கவும் இல்ல. அவ அம்மா குடின்னு சொன்ன பெறவுதான் கையை நீட்டுச்சு.

பையில ஒரு புதுப் புத்தகம் வெச்சிருந்தேன். கடலுக்கடியில நாடு கட்டிக்கிட்ட பசங்க கதை. நீட்டினேன். “வேணாம் பெரிம்மா, கதை படிச்சா தலைக்குள்ள அதுவே ஓடும்.” சரி, சண்டைக்காவது இழுப்போம்னு, “ஆமாமா, கதையெல்லாம் வெட்டி வேலை, பொய்யி, குப்பை, அதனால யாருக்கு என்னா பிரயோஜனம்?”னு அடிச்சு வுட்டேன். பழைய பொண்ணா இருந்தா என் குடுமியைப் புடிச்சிருக்கும். “இருக்கலாம் பெரிம்மா”ன்னுச்சு.

அவ அம்மா பிராதை எடுத்துக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்து, என் நெத்தியில துன்னூறு பூசிவுட்டா. என் மேல இருந்த வழக்கு தீந்துது. நான் குத்தவாளியா இல்லையான்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல.

கெளம்பலாம்னு திரும்பினப்ப பொண்ணு சொன்னுச்சு. “அம்மா, எனக்கும் ஒரு தாள் வாங்கிக் குடு. நானும் பிராது கட்டணும்.”

எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துது. கட்டுடி, யார் மேல வேணும்னாலும் கட்டு, என் மேல கட்டு, உங்கம்மா மேல கட்டு, அந்தக் கட்டடத்து மேல கட்டுன்னு மனசு குதிச்சுது.

“யாரு மேலடி?”ன்னு அவ அம்மா கேட்டா.

“என் மேலதான்.” மூஞ்சியில ஒண்ணுமே இல்லாம சொன்னுச்சு. “படிக்கும்போது மனசு வேற எங்கயோ போவுது. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. அது போவாம சாமிதான் பாத்துக்கணும்னு எழுதணும்.”

அவ அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. “பாத்தீங்களாக்கா, எவ்ளோ பொறுப்பு வந்துடுச்சு எம் பொண்ணுக்கு.” நான் வேணாம்னு சொல்ல வாயைத் தொறந்தேன். என்னா உரிமையில சொல்றது? தாளை வாங்கிக்கிட்டு வந்து அது தரையில சம்மணம் போட்டு உக்காந்து, என்னை நிமுந்து பாத்துது.

“பெரிம்மா, பேனா இருக்குதா?”

கொடுத்தேன். பிராது கொடுக்கறவங்க பேருன்னு தன் பேரை எழுதுச்சு. யார் மேலங்கற எடத்துலயும் அதே பேரை எழுதுச்சு. கையெழுத்து அச்சு மாதிரி இருந்துது. விலாசம் எழுதற எடம் வந்ததும் அவ அம்மா குனிஞ்சு பாத்துட்டு, “ஏண்டி, ஹாஸ்டலு விலாசத்தை எழுதற? நம்ம வூட்டு விலாசம் எழுது”ன்னா.

“இல்லம்மா, நான் அங்கதானே இருக்கேன்”னு சொல்லிட்டு எழுதிக்கிட்டே இருந்துது.